அட்மிஷன் போடும் முன் ஒரு கேள்வி: இது எந்த வகைப் பள்ளி?

மார்ச் மாதம் வந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமெல்லாம் "அட்மிஷன் நடைபெறுகிறது" என்று தட்டிகள் ஏறிவிடும். வேன் வசதி, ஸ்மார்ட் கிளாஸ், கராத்தே எல்லாம் அதில் இருக்கும். அது எந்த வகைப் பள்ளி என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. பிள்ளைக்கு அங்கே உரிமையோடு இடம் கேட்க முடியுமா, பள்ளி கட்டணம் வாங்கலாமா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் அரசுச் சலுகைகள் கிடைக்குமா என்பதெல்லாம் அந்த வகையைப் பொறுத்தவை.

செட்டிநாட்டில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். நகரத்தார் நன்கொடையில் எழுந்த பள்ளிகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அவற்றில் சில பின்னால் அரசிடம் போயின, சில அரசு உதவி பெறும் பள்ளிகளாக நிற்கின்றன, சில முழுத் தனியார். அதனால் வாசலில் இருக்கும் செட்டியார் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காரைக்குடி ராமநாதன் செட்டியார் பள்ளியைத் தனியார் பள்ளி என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். அது நகராட்சிப் பள்ளியாக இருந்தது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபிறகு மாநகராட்சியின் கீழ் வருகிறது.

அலுவலகத்தில் நேராகவே கேளுங்கள்: அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, அரசு உதவி இல்லாமல் நடக்கும் சுயநிதியா, மத, மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் சிறுபான்மைப் பள்ளியா? உதவி பெறும் பள்ளி என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: என் பிள்ளை சேரும் வகுப்பு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அரசுப் பள்ளி மறுக்க முடியாது

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரை, எந்தப் பிள்ளைக்கும் கட்டணமில்லாமல் கல்வி தரும் பொறுப்பு அரசுடையது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2011 விதிகள் சொல்கின்றன.

இந்தக் கிலோமீட்டர் கணக்கைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பக்கத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று அரசுக்குத்தான் இந்த அளவு. பெற்றோருக்குப் போட்ட வேலி இல்லை. கானாடுகாத்தானில் இருக்கிற பிள்ளை காரைக்குடி அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்தால், சேர்க்கலாம். பேருந்துக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. "உங்க ஊர்ல பள்ளிக்கூடம் இருக்கே, அங்கே போங்க" என்று யாராவது சொன்னால் அது ஆலோசனை, விதி இல்லை.

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-இல் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஆறு வயது வேண்டும் என்பது மத்திய அரசின் பக்கத்துப் பேச்சு. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஐந்துதான். அதற்கு முன் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வேண்டுமென்றால், 2019 தொடக்கத்தில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் அரசு அதைத் தொடங்கியது. உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். தனியார் எல்.கே.ஜி.க்குப் பணம் கட்டும் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விஜயதசமி அன்று சேர்த்தால்தான் மனசு நிறைகிறது என்பவர்களுக்கும் வழி உண்டு: அன்றைக்கு அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சேர்க்கை நடக்கிறது.

பிறப்புச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது. சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. மருத்துவமனைப் பதிவோ அங்கன்வாடிப் பதிவோ போதும், எதுவுமே இல்லையென்றால் பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழி. ஆதார் கேட்பார்கள், இருந்தால் கொடுங்கள். ஆனால் ஆதார் இல்லையென்று சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்பது 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் இதே உரிமைதான். சாதி, மதம் எழுதும் இடத்தை விருப்பமில்லாவிட்டால் காலியாக விடலாம். இதற்கு 1973-லேயே அரசாணை இருக்கிறது, 2000-இல் இன்னொன்றும் வந்தது. சலுகை வேண்டுமென்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்பது தனி விஷயம்.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் சிக்கல் இன்னொன்று. அப்பா சிங்கப்பூரில், அம்மா சென்னையில் வேலை, பிள்ளை ஊரில் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் அல்லது அப்பத்தாவிடம். யார் கையெழுத்துப் போடுவது? பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவரைச் சட்டம் பாதுகாவலர் என்று ஏற்கிறது. ஆயா போய்ச் சேர்க்கலாம். அப்பா விமானம் ஏறி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உதவி பெறும் பள்ளி: இங்கேதான் ஏமாறுகிறோம்

செட்டிநாட்டு நகரங்களில் பேர் பெற்ற மேல்நிலைப் பள்ளிகள் பலவும் இந்த வகை. நிர்வாகம் தனியாரிடம், ஆசிரியர் சம்பளம் அரசிடம். பாடநூல், சீருடை, மதிய உணவு, மிதிவண்டி எல்லாம் உண்டு. காலை உணவுத் திட்டமும் 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்தில் இருப்பவற்றுக்கும் வந்துவிட்டது. அதனால் "இதுவும் கவர்ன்மென்ட் ஸ்கூல் மாதிரித்தான்" என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறோம். அந்த "மாதிரி" பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபிறகுதான் உறைக்கும்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. இரண்டுக்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு ஆகிய பள்ளிகள் இந்தக் கணக்கில் சேரும். உதவி பெறும் பள்ளி சேராது. ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு பள்ளிகள், ஒரே பாடப் புத்தகம், ஒரே தேர்வு. ஒரு பிள்ளைக்கு ஒதுக்கீடு உண்டு, இன்னொரு பிள்ளைக்கு இல்லை. இது நியாயமா என்று கேட்டால், உதவி பெறும் பள்ளியில் படிப்பதும் ஏழைப் பிள்ளைகள்தானே என்பதுதான் என் பதில். ஆனால் இன்றைய விதி இதுதான்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வேறு மாதிரி. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியபோது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மட்டும் இருந்தது. பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டினார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கியது. அதிலும் உதவி பெறும் பள்ளி என்றால் தமிழ் வழிக்குத்தான். முன்னே சொன்ன இரண்டாவது கேள்வி இதற்காகத்தான். பல உதவி பெறும் பள்ளிகள் அதே வளாகத்தில் ஆங்கில வழிப் பிரிவைச் சுயநிதியாக நடத்துகின்றன. கட்டணம் கட்ட வேண்டும், இந்த உதவித்தொகையும் கிடையாது. பள்ளியின் பெயர் ஒன்று, பிள்ளையின் நிலைமை வேறு.

அதனால் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அலைவதில் பாதி அலைச்சலையாவது ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஐந்தாவது வரை எங்கே படித்தாலும் மேலே சொன்னவை போய்விடாது. ஆறாவதில் எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. விதிவிலக்காக, அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு மட்டும் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி பார்க்கிறார்கள்.

தனியார் பள்ளியில் 25 சதவீதம்

சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பள்ளிகள், மெட்ரிக் ஆனாலும் சி.பி.எஸ்.இ. ஆனாலும், தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்குத் தர வேண்டும். ஊரில் "ஆர்.டி.இ. சீட்டு" என்பது இதைத்தான்; ஆர்.டி.இ. என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். தொடக்க வகுப்பு என்றால் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு. நடுவில் மூன்றாவதிலோ நாலாவதிலோ இந்தச் சீட்டு கேட்க முடியாது.

யாருக்கு? ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு. தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குச் சாதிச் சான்றிதழே போதும், வருமான உச்சவரம்பு இல்லை. பிற்படுத்தப்பட்ட வகுப்புக் குடும்பங்கள் "எங்களுக்கு வருமானம் கூட, கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவது வீண். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், துப்புரவுத் தொழிலாளர் குழந்தைகள் போன்றோருக்கு முன்னுரிமை உண்டு. எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-இல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். இங்கே தூரம் உண்மையிலேயே வேலிதான்: வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலான தனியார் பள்ளிகள் காரைக்குடியைச் சுற்றியே இருப்பதால், கல்லல் பக்கத்துச் சிற்றூர்க் குடும்பத்துக்கு இந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

விண்ணப்பம் இணையத்தில். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் திறக்கும். விண்ணப்பங்கள் இடத்தைவிட அதிகமானால் குலுக்கல். 2025-இல் மத்திய அரசு நிதி தராமல் நிறுத்தி வைத்த தகராறில் அது தள்ளிப்போய், அக்டோபரில்தான் நடந்தது. அதற்குள் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளிலிருந்தே தேர்வு செய்தார்கள். ஆகவே அறிவிப்பு வரும்போது ஓடாமல், பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று, சாதி அல்லது வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இந்தச் சீட்டில் கல்விக் கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். புத்தகம், சீருடை என்று பள்ளி தனியாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது; அதையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

எட்டாம் வகுப்போடு ஆர்.டி.இ. முடிகிறது. ஒன்பதாவதிலிருந்து முழுக் கட்டணம். ஆனால் ஆர்.டி.இ. சீட்டில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு.

தேவகோட்டை தே பிரித்தோ போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டது. "ஆர்.டி.இ.யில் சேர்க்க மறுக்கிறார்கள்" என்று அங்கே போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை.

காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வளாகத்துக் கேந்திரிய வித்யாலயா இவை எதிலும் அடங்காத தனி உலகம். ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-இல் ஆறு வயது வேண்டும், மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, எம்.பி. சிபாரிசுச் சீட்டு 2022-இல் போய்விட்டது. 25 சதவீத ஆர்.டி.இ. இடம் அங்கேயும் குலுக்கலில் உண்டு. அங்கே படித்தால் 7.5 சதவீதக் கணக்கில் வராது.

நுழைவுத் தேர்வு, நன்கொடை, டி.சி.

எட்டாம் வகுப்பு வரை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணலோ தேர்வோ வைத்துச் சேர்க்கக் கூடாது. முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை. "சும்மா பேசிப் பார்க்கிறோம்" என்று சொல்லி நாலு கேள்வி கேட்பதும் இதில்தான் வரும். தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு என்று கேட்டு, ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வருஷ நடுவில் பள்ளி மாற்றலாம். டி.சி. வர நேரமாகிறது என்பதற்காகப் புதிய பள்ளி எட்டாவது வரை சேர்க்காமல் இருக்க முடியாது. கட்டணப் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைப்பதும், பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதுவதும் தவறு என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழி இருக்கிறது. இப்போதெல்லாம் காகித டி.சி.யைவிட, கல்வித்துறைக் கணினியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும் எமிஸ் எண்தான் இழுத்தடிக்கும்: பழைய பள்ளி கணினியில் பிள்ளையை விடுவிக்காமல் வைத்திருந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போங்கள்.

காரைக்குடிப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலகம் சாக்கோட்டை ஒன்றியத்தின் பெயரில் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர்; தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளி என்று தனித்தனி. அப்புறம் சிவகங்கையில் முதன்மைக் கல்வி அலுவலர். ராயவரம், அரிமளம் பக்கத்துக்காரர்கள் செட்டிநாடுதான் என்றாலும் புதுக்கோட்டை மாவட்டத்தில் வருவதால் புதுக்கோட்டைக்குத்தான் மனுப் போட வேண்டும். முதலில் 14417-க்கு அழைத்துப் பேசலாம், அது கல்வித்துறையின் உதவி எண். எழுதிக் கொடுக்கும் மனுவில் பள்ளியின் வகை, வகுப்பு, மறுத்த தேதி, என்ன காரணம் சொன்னார்கள் என்பதைப் போட்டு, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.