ஃப்ரேட்டர்னல் சொசைட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

வம்ச வரலாறு தேடுபவர்கள் பிரிட்டன், அமெரிக்கப் பழைய ஆவணங்களில் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் 'ஃப்ரேட்டர்னல் சொசைட்டி'. முன்னோர் ஒருவர் இப்படி ஒரு சங்கத்தில் இருந்தாரா என்று தெரிந்துகொள்ள, முதலில் இந்தச் சொல்லின் பொருள் பிடிபட வேண்டும்.

லத்தீனில் 'ஃப்ராட்டர்' என்றால் சகோதரன். வடமொழியின் 'பிராதா', ஆங்கிலத்தின் 'பிரதர்' எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் வேர் பாதிப் பொருளைத்தான் தருகிறது. சடங்கு நடத்தி, உறுதிமொழி வாங்கி ஆளைச் சேர்ப்பது, சந்தா வசூலிப்பது, உறுப்பினர் நோயில் படுத்தாலோ இறந்தாலோ அவர் குடும்பத்துக்குக் கைகொடுப்பது. இவை சேர்ந்ததுதான் 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லின் முழுப் பொருள். 1868இல் பென்சில்வேனியாவின் மீட்வில்லில் ஜான் அப்சர்ச் தொடங்கிய 'ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென்' இதற்கு நல்ல உதாரணம். ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் தலைக்கு ஒரு டாலர் போடுவார்கள். அந்தத் தொகை அவர் குடும்பத்துக்குப் போகும். ஆயுள் காப்பீடு எட்டாத தொழிலாளிக்கு இதுதான் காப்பீடு.

தமிழில் 'சகோதரத்துவ சங்கம்' என்று எழுதுகிறார்கள். சகோதரன் என்பதே 'ஒரே வயிற்றில் பிறந்தவன்' என்ற பொருள் கொண்ட வடசொல். அதற்கு நேரான தமிழ் 'உடன்பிறப்பு'. ஆனால் 'உடன்பிறப்புக் கழகம்' என்றால் படிப்பவர் மனம் அரசியல் மேடைக்குப் போய்விடும். 'உடன்பிறந்தார் சங்கம்' என்றாலோ சொந்தக்காரர்கள் கூடி நடத்தும் சங்கமோ என்று தோன்றும். வம்ச ஆய்வில் இந்த மயக்கம் ஆபத்தானது. இந்தச் சங்கங்களில் ரத்த உறவு நிபந்தனை இல்லை, உறுதிமொழிதான் பிணைப்பு. அதனால் 'தோழமைச் சங்கம்' என்பதே என் தேர்வு. காப்பீடும் தந்தவற்றை 'தோழமை உதவிச் சங்கம்' என்று பிரித்துச் சொல்லலாம்.

கூடவே வரும் 'லாட்ஜ்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நமக்கு லாட்ஜ் என்றால் அறை எடுத்துத் தங்கும் இடம். பழைய இரங்கல் செய்தியில் ஒருவர் 'இன்ன லாட்ஜைச் சேர்ந்தவர்' என்றிருந்தால், அங்கே குடியிருந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டடம் எழும் இடத்தில் கல்தச்சர்கள் போட்டுக்கொண்ட பட்டறைக் கொட்டகைதான் முதலில் லாட்ஜ். ஃப்ரீமேசன்கள் என்ற பழைய தோழமைச் சங்கத்தார் அதைத் தங்கள் கிளைக்குப் பெயராக்க, மற்ற சங்கங்களும் எடுத்துக்கொண்டன. 'கிளை மன்றம்' என்றால் பொருந்தும். அதன் பெயரையும் எண்ணையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள்; அமெரிக்காவில் பெரும்பாலும் மாநிலத் தலைமை மன்றத்துக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

தடயம் அதிகம் கிடைப்பது கல்லறையில். ஒன்றோடொன்று கோத்த மூன்று சங்கிலி வளையங்கள், அவற்றுள் எஃப், எல், டி என்ற எழுத்துகள்: நட்பு, அன்பு, உண்மை. இது 'ஆட் ஃபெல்லோஸ்' சங்கத்தின் சின்னம். 1819இல் பால்டிமோரில் தாமஸ் வைல்டி தொடங்கியது அதன் அமெரிக்கக் கிளை. மூலைமட்டமும் கவராயமும் ஃப்ரீமேசன்களுடையவை. வெட்டிய அடிமரம் போலச் செதுக்கிய கல்லில் 'டும் டாசெட் கிளாமட்' ('மௌனத்திலும் பேசுகிறான்') என்றிருந்தால், 1890இல் ஒமாஹாவில் தோன்றிய 'வுட்மென் ஆஃப் தி வேர்ல்ட்'. அடிமர வடிவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சங்கத்தில் சேராதவர்களும் அந்த வடிவை விரும்பி வைத்ததுண்டு.

இங்கிலாந்தில் தேடுபவர்களுக்கு 1799ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பேருதவி. புரட்சிக்கு அஞ்சிய அரசு ரகசியச் சங்கங்களைத் தடை செய்தது. ஃப்ரீமேசன் மன்றங்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. பதிலுக்கு அவை ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலை மாவட்ட அதிகாரியிடம் கொடுக்க வேண்டியிருந்தது; 1967இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. எஞ்சிய பட்டியல்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. 1751 முதல் 1921 வரையான ஃப்ரீமேசன் பதிவேடுகள் இணையத்திலும் கிடைக்கின்றன.

சகோதரன் என்ற வேரை நம்பிப் பாட்டிகளை விட்டுவிடாதீர்கள். ஆட் ஃபெல்லோஸ் 1851இலேயே பெண்களுக்கென 'ரெபெக்கா' என்ற உறுப்பினர் நிலையை ஏற்படுத்தியது. ஃப்ரீமேசன் குடும்பப் பெண்கள் 'ஈஸ்டர்ன் ஸ்டார்' அமைப்பில் சேர்ந்தார்கள். அதன் ஐந்துமுனை நட்சத்திரத்தை அவர்கள் கல்லறைகளிலும் தேடிப் பாருங்கள்.