மழை நாள்ல பிளே டோ ஏன் பிசுபிசுக்குது?

வீட்டுல செஞ்ச பிளே டோவ, அதாவது பிள்ளைகள் உருவம் செஞ்சு விளையாடுற மாவ, வெளிய வெச்சா காஞ்சு வெடிச்சிரும்னுதான் எல்லா இடத்துலயும் எழுதி இருக்கு, ஆனா கொழும்புல வெள்ளவத்தை தெஹிவளை பக்கம் ஏசி இல்லாத வீடுகள்ல மழை நாள்ல நடக்கிறது அதுக்கு நேர்மாறு, ராத்திரி மேசையில விட்ட மா காலையில நசநசன்னு கையில ஒட்டும். காரணம் அதுல போட்ட உப்பு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தத் தாண்டிட்டா சாப்பாட்டு உப்பு காத்துல இருக்கிற நீராவிய இழுத்து தானா கரைய ஆரம்பிக்கும், கொழும்புல ராத்திரியில அந்த ஈரம் சாதாரணம். காத்து அதவிட நல்லா காஞ்சிருந்தா மா தண்ணிய வெளிய விட்டுரும், ஏசி ரூம்ல வெடிக்கிறது அதனாலதான்.

அப்ப உப்ப குறைச்சா என்னன்னு கேக்கலாம். குறைக்காதீங்க, உப்பு தண்ணிய இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கிறதாலதான் பக்டீரியாவுக்கும் பெரும்பாலான பூஞ்சணத்துக்கும் வளரத் தண்ணி கிடைக்காம போகுது. அதுக்காக அள்ளிக் கொட்டவும் வேணாம். 100 மில்லி தண்ணியில சுமார் 36 கிராம் உப்புதான் கரையும், மிச்சம் கையில நறநறன்னு தட்டுப்படும். 1 கப் கோதுமை மா, 1 கப் தண்ணி, மூணுல ஒரு பங்கு கப் தூள் உப்பு, 1 மேசைக்கரண்டி எண்ணெய், 1 மேசைக்கரண்டி தேசிக்காய்ப்புளி, இவ்வளவுதான்.

தாச்சியில போட்டு சின்ன நெருப்புல கிண்டுங்க. சூடு ஏற ஏற மாச்சத்துத் துணிக்கைகள் தண்ணிய உறிஞ்சி வீங்கி ஒண்டோட ஒண்டு ஒட்டி, தாச்சிய விட்டு உருண்டையா கழண்டு வரும். சும்மா பச்சையா குழைச்சா குளூட்டன்ங்கிற, கோதுமையில இருக்கிற இழுபடுற புரதம் மட்டும்தான் மாவப் பிடிச்சு வைக்கும், ரொட்டி மா மாதிரி இழுத்தா திரும்ப சுருங்கும், பிள்ளை செய்யுற யானை நிக்காது. பச்சை மாவுல கிருமியும் இருக்கலாம், அதனால நான் சமைக்கிற முறையத்தான் சொல்லுவேன்.

நிறைய பேர் கவனிக்காத விஷயம் மூடுற நேரம். சூட்டோட டப்பாவ மூடினா ஆவி மூடியில துளியா படிஞ்சு திரும்ப மாவுல விழும், அந்தத் துளியில உப்பே இல்ல, விழுந்த இடத்துல உப்பு ஐதாகி பூஞ்சணம் அங்கதான் முதல்ல பிடிக்கும். நல்லா ஆறவிட்டு, காத்துப் போகாத டப்பாவுல இறுக்கி மூடுங்க. பிரிட்ஜ் வேணாம், குளிர்ல மாச்சத்து இறுகி மா உதிரும், தேங்காய் எண்ணெய் போட்டிருந்தா அதுவும் 24 பாகைக்குக் கீழ உறைஞ்சிரும், வெளிய எடுத்தா நம்ம காத்துக்கு மேல எல்லாம் வேர்க்கும்.

மணம் மாறினாலோ புள்ளி தெரிஞ்சாலோ முழுசா வீசிருங்க, அந்தப் பக்கத்த மட்டும் கிள்ளிப் போட்டா போதாது. வாயில வைக்கிற வயசுப் பிள்ளைன்னா கூடவே இருங்க, இவ்வளவு உப்பு நிறைய உள்ள போனா பிள்ளைக்கு ஆபத்து, வீட்டு நாய்க்கும்தான்.