எஃப்ளுவென்ட்: கழிவுநீரா, வடிநீரா?

தமக்கையின் மகள் சுற்றாடல் விஞ்ஞானம் படித்து முடித்து, நீர்ப் பரிசோதனை அறிக்கைகளைத் தமிழாக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாள். சென்ற வாரம் ஒரு வரியைக் கொண்டுவந்து காட்டினாள்: ‘கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் செல்லும் கழிவுநீரும், அங்கிருந்து வெளியேறும் கழிவுநீரும் தனித்தனியே பரிசோதிக்கப்பட வேண்டும்.’

“மாமா, கழிவுநீராகப் போய்க் கழிவுநீராகவே வருகிறது என்றால், நடுவில் அந்த நிலையம் எதைச் சுத்திகரித்தது?”

நல்ல கேள்வி. ஆங்கில மூலத்தைப் பார்த்தேன். நிலையத்தின் பெயரில் இருப்பது ‘வேஸ்ட்வாட்டர்’. உள்ளே போவது ‘இன்ஃப்ளுவென்ட்’. வெளியே வருவது ‘எஃப்ளுவென்ட்’. மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால் அந்த வரி வேறெப்படி வரும்?

எஃப்ளுவென்ட் இலத்தீன் வழி வந்த சொல். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ஃப்ளுவேரே’ என்றால் பாய்தல். வெளியே பாய்வது, அவ்வளவுதான். ஏரி ஒன்றிலிருந்து புறப்பட்டுப் போகும் ஆற்றைக் குறிக்கவும் புவியியலாளர் இதே சொல்லை ஆண்டிருக்கிறார்கள். ஆலைக் குழாய்க்கு அது வந்து சேர்ந்தது பிற்காலத்தில். இதே ‘பாய்தல்’ வேரிலிருந்துதான் இன்ஃப்ளுவென்சாவும் கிளைத்தது. நட்சத்திரங்களின் செல்வாக்கு மனிதருக்குள் பாய்ந்து நோய் தருகிறது என்று இத்தாலியர் நம்பியதால் காய்ச்சலுக்கு அந்தப் பெயர். ஆக, வேரில் அழுக்கு என்ற பொருளே கிடையாது.

‘கழிவு’ அப்படியல்ல. கழிதல் என்றால் நீங்குதல், கடந்துபோதல். பொழுது கழிகிறது, கடன் கழிகிறது, கணக்கில் பத்திலிருந்து மூன்றைக் கழிக்கிறோம். பெருநாளும் தீபாவளியும் நெருங்கினால் நம் ஊர்ப் புடவைக்கடைகளில் ‘விலைக்கழிவு’ என்று எழுதித் தொங்கவிடுவார்கள். அந்தக் கழிவைப் பார்த்து யாரும் மூக்கைப் பொத்துவதில்லை, முண்டியடித்து உள்ளே போகிறோம். நீரோடு சேர்ந்தால் மட்டும் அதே சொல்லுக்கு நாற்றம் வந்துவிடுகிறது. வேண்டாததென்று தள்ளியாயிற்று, இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்ற தீர்ப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் ‘இருங்கழி’ என்று வரும் கழி வேறு. அது கடல்நீர் ஏறி இறங்கும் உவர்நீர்ப் பரப்பு, மீனும் நண்டும் நாரையும் வாழும் இடம். திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போகும் வழியில் உப்பாற்றையும் இறால்குழியையும் பாலத்தின் மேலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கழியை விளக்க வேண்டியதில்லை. ஒரு கழிக்குள் இன்னொரு கழிவு போய் விழுகிறதா என்று பார்ப்பதுதான் என் மருமகளின் துறை.

வீட்டு அடுப்படியில் இந்தக் குழப்பம் இருக்கவில்லை. அரிசி கழுவிய நீர் கழுநீர், அது மாட்டுக்கு. சோறு வடித்த நீர் வடிகஞ்சி; அது உப்புப் போட்டு நமக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. இவை எல்லாமே சமையலறையின் எஃப்ளுவென்ட்தான். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எங்கே போகவேண்டும் என்று அறிந்து வெவ்வேறு பெயர் வைத்தவர்கள், ஆலை வாசலுக்கு வந்ததும் ஒரே சொல்லோடு நின்றுவிட்டோம்.

அதனால் என்ன கெட்டுப்போகிறது என்பவர்களுக்குச் சம்பூரைச் சொல்லலாம். கொட்டியாரக் குடாவின் கரையில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதாக இருந்து, 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இத்தகைய நிலையம் கடல்நீரை இழுத்து, நீராவியைக் குளிர்விக்கப் பயன்படுத்தி, சூடேறிய நீரைக் கடலிலேயே திருப்பி விடுவதுண்டு. அந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தால் தெளிவாகத்தான் இருக்கும். நிறமில்லை, நாற்றமில்லை. ஆனால் சில பாகை வெப்பம் கூடினாலே பவளப்பாறை வெளிறிவிடும். ‘கழிவுநீர் வருமா?’ என்று கேட்டிருந்தால் ‘இல்லை, கடல்நீர்தான்’ என்று ஒருவர் நேர்மையாகவே பதில் சொல்லிவிட முடியும். எஃப்ளுவென்ட் வருமா என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது.

அப்படியானால் தமிழில் எப்படிக் கேட்பது? ‘வெளியேற்றுநீர்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பொருளில் பிழையில்லை. வாயில்தான் நிற்கவில்லை. எனக்குச் சொல் கிடைத்தது தம்பலகாமத்து வயல்களில். கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழி வயலுக்கு வருகிறது; பயிருக்கு மிஞ்சியது வேறொரு வாய்க்கால் வழி இறங்கிப் போகிறது. அந்த இரண்டாவதை விவசாயிகள் வடிச்சல் என்கிறார்கள். வடிச்சலில் உரமும் களைநாசினியும் இருக்கலாம், வெறும் மழைநீராகவும் இருக்கலாம். சொல் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது போய்ச் சேர்வது தம்பலகாமக் குடாவை. 19ஆம் நூற்றாண்டில் தட்டைச் சிப்பிகளில் முத்தெடுத்த குடா அது. உரம் மிஞ்சினால் அங்கே பாசி பெருகும். நல்ல தண்ணீரே அளவுக்கு மிஞ்சி விழுந்தாலும் உவர்ப்புக் குறைந்து சிப்பிக்கு ஆகாது. சுத்தமான நீரும் கெடுதல் செய்யும் இடத்தில் ‘கழிவு’ என்ற சொல்லால் என்ன பயன்?

ஆகவே எஃப்ளுவென்ட் என்பதற்கு வடிநீர் என்பேன். வடிகான், வடிகால், வடிகட்டுதல் எல்லாம் ஏற்கெனவே நம் எழுத்தில் இருக்கின்றன. சொல் அந்நியமாகப் படாது. உள்ளே போவது வருநீர். ஆலையிலிருந்து வந்தால் ஆலை வடிநீர், குளிர்விப்பிலிருந்து வந்தால் சுடு வடிநீர். குப்பைமேட்டின் அடியில் ஊறுவது கசிநீர். ‘சூவேஜ்’ என்பதற்கு மலசலக் கழிவுநீர் என்று உடைத்தே எழுதலாம்; அங்கே கழிவு என்ற சொல்லுக்கு முழு உரிமை உண்டு. வேஸ்ட்வாட்டரும் கழிவுநீராகவே இருக்கட்டும்.

இலங்கைச் சட்டமும் நீரை எண்களால்தான் பிரிக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வெளியான நியமங்களின்படி, ஆறுகளிலும் குளங்களிலும் விடும் ஆலை நீரின் உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரையோரக் கடலில் விடுவதானால் 100 வரை போகலாம். (கேள்வி என்றால் இங்கே தேவை. ஒட்சிசன் யாரையும் கேள்வி கேட்பதில்லை. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டியிருக்கிறது என்பதை 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் வைத்து அளக்கிறார்கள்.) 60 காட்டும் நீர் ஆற்றில் விழுந்தால் குற்றம், கடலில் விழுந்தால் குற்றமில்லை. அதைக் கழிவென்று சொல்வதா, இல்லையென்று சொல்வதா? வடிநீர் என்று எழுதிவிட்டு 60 என்று பக்கத்தில் போடுவதுதான் ஒழுங்கு.

மருமகளின் வரியை இப்படித் திருத்தினோம்: ‘கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வருநீரும் வடிநீரும் தனித்தனியே பரிசோதிக்கப்பட வேண்டும்.’ வரியும் சுருங்கிவிட்டது.

பக்கத்து வீட்டில் இருக்கும் வைத்தியர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வடிநீர் என்றால் தனக்குக் காது வடிகிற பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள் என்றார். அந்தப் பிள்ளைகளுக்கு உடனே மருந்து எழுதிவிடுவீர்களா என்று கேட்டேன். “அதெப்படி? வடிவதைப் பஞ்சில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான்” என்றார்.