காரீயம்: வெறும் ‘ஈயம்’ என்று சொன்னால் போதாது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் ஷாட் என்ற மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் ‘சிங்கர்’ என்று சொல்வது, நூலைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும் ஈயக் குண்டைத்தான். சரி, ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் ஈயம்தானே? இரண்டும் ஒன்றல்ல. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் குழப்பம் நல்லதும் அல்ல.

தமிழில் ஈயம் இரண்டு. பாத்திரத்துக்குப் பூசுவதும் சொம்பு வார்ப்பதும் வெள்ளீயம், அதாவது டின். தூண்டில் குண்டும் கார் பேட்டரித் தகடும் காரீயம், அதாவது லெட். கருமை + ஈயம் என்று பிரியும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகிவிடும். வீட்டு அடுப்பே போதும். விலை குறைவு என்பதால் பூச்சு வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலப்பவர்களும் உண்டு. பெயரும் ஒன்றாக இருந்துவிட்டால் கேட்டு வாங்குவது எப்படி?

‘சீசம்’ என்ற வடசொல் பிராகிருதம் வழியாகத் தேய்ந்து ‘ஈயம்’ ஆனது என்பது ஒரு கருத்து. ‘சிரமணர்’ நம்மிடம் ‘அமணர்’ ஆனதைப் பார்த்தால் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. லத்தீனில் காரீயம் ‘ப்ளம்பம்’. குழாய் வேலைக்கு வரும் பிளம்பரின் பெயர் அதிலிருந்து வந்தது. பென்சில் ‘லெட்’ மட்டும் பெயரளவில்தான். உள்ளே இருப்பது கிராஃபைட்.

‘லெட் பாய்சனிங்’ என்பதைக் காரீய நஞ்சேற்றம் என்று எழுதலாம். சொல் சரி. ஆனால் நஞ்சு என்றதும் வாந்தி, மயக்கம் என்று நினைத்துவிடுகிறோம். குழந்தைக்கு நேர்வது பெரும்பாலும் சத்தமில்லாதது. உடல் காரீயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து உள்ளே விடுகிறது. ஒரே அளவு வாய்வழி போனாலும் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடலில் நான்கைந்து மடங்கு அதிகம் சேரும். மூளைக்குப் போனால் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று இணைவதையும், கற்றலுக்கு வேண்டிய செய்திப் பரிமாற்றத்தையும் குலைக்கிறது. கவனம் நிற்காது, படிப்பில் பின்தங்கும், கோபம் கூடும். ‘படிக்கிற பிள்ளை இல்லை’ என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். இத்தனை வரை பாதிப்பில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் எட்டினால், எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. ரத்தத்தில் குறைந்தாலும் எலும்பில் பல்லாண்டு தங்கும். தாய் கருவுற்றால் அங்கிருந்து கிளம்பிக் கருவுக்கும் போகும். அதனால் எனக்கு ‘காரீயப் படிவு’ என்ற சொல்லும் பிடிக்கும். எலும்பில் தங்குவதைப் பற்றிப் பேசும்போது நஞ்சேற்றத்தைவிட அது பொருந்துகிறது.

தென்னாப்பிரிக்காவில் காரீய பெட்ரோல் 2006 தொடக்கத்தில் நின்றது. மற்றவை நிற்கவில்லை. பழைய வீட்டில் உரியும் பெயிண்ட், பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியப் பானை, சில செந்தூரப் பொடிகள் என்று வருகிறது. மேற்கு கேப் மீனவ ஊர்களில் ஆய்வு செய்தவர்கள் பிள்ளைகளின் ரத்தத்தில் காரீயத்தைக் கண்டார்கள். அங்கே பல வீடுகளில் சிங்கருக்குக் காரீயம் உருக்குகிறார்கள். புகையும் தூசியும் தரையில் படியும், தவழும் குழந்தையின் கை அதே தரையில்தான். டர்பனில் சமையலறை அடுப்பில் குண்டு வார்க்கும் தாத்தாக்கள் இருந்தால், அந்த அடுப்பையும் சட்டியையும் வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டு அப்புறம் பேரப்பிள்ளையைத் தூக்கட்டும்.