கேடி: கேட்டிலிருந்து வந்த சொல்லா?

சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவன், தம்பியின் கொலைக்கு நியாயம் கேட்டுக் காவல் நிலையப் படியேறுகிறான். சென்னையை வைத்து எடுக்கும் குற்றப் படங்களில் நமக்குப் பழகிய காட்சி. அவன் வாய் திறப்பதற்குள் ரைட்டர் சொல்லிவிடுவார்: "இவன் பழைய கேடி சார்." புகார் அங்கேயே பாதி செத்துவிடும்.

இந்தக் 'கேடி' எங்கிருந்து வந்தது?

கேட்டவுடன் 'கேடு' நினைவுக்கு வரும். கெடு என்னும் வினையின் முதலெழுத்து நீண்டால் கேடு. சுடு சூடாவதும் படு பாடாவதும் இப்படித்தான். திருக்குறளில் 'கேடில் விழுச்செல்வம்' என்று வருவதும் இதே கேடு. அப்புறம் என்ன, கேடு செய்பவன் கேடி என்று நம்பிவிடுகிறோம்.

ஆனால் காவல் நிலையத்துக் கேடி இரண்டு ஆங்கில எழுத்துகள்: கே, டி. மதராஸ் மாகாணப் போலீசார் பழங்குற்றவாளிகளின் ஏட்டில் எழுதிய 'நோன் டெப்ரடேட்டர்' என்பதன் சுருக்கம் அது. 'நோன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒலிக்காத ஒரு 'கே' நிற்கும். அதுதான் இந்தக் கே. டெப்ரடேட்டருக்கு வேர், கொள்ளைப்பொருளைக் குறிக்கும் 'பிரேடா' என்ற லத்தீன் சொல். நேர்த்தமிழில் சூறையாடுபவன். இரண்டையும் சேர்த்தால் 'போலீசுக்குத் தெரிந்த கொள்ளையன்'. நம்மிடம் ஏற்கனவே 'கேடு' இருந்ததால்தான் இந்தச் சுருக்கம் அந்நியமாகத் தெரியாமல் நாக்கில் ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். இன்று முறுக்கை ஒளித்துவைக்கும் பிள்ளையைக்கூட "சரியான கேடிடா நீ" என்று கொஞ்சுகிறோம்.

நாளிதழ்கள் இப்போது எழுதுவது 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி'. ஹிஸ்டரி ஷீட்டர் என்பதை அப்படியே பெயர்த்தது. எனக்கு இது பிடிக்கவில்லை. சரித்திரம் என்றால் நமக்கு ராஜராஜன் நினைவுக்கு வருவான், ஸ்டேஷன் பீரோவில் கிடக்கும் ஏடு வராது. 'குற்றப் பதிவு உள்ளவர்' என்றால் பொருள் தெளிவு, சொல்லும் எளிது. தண்டனையை அனுபவித்து வெளியே வந்தவரை 'தண்டனை முடித்தவர்' என்றே எழுதலாம். ஒருவர் எந்நாளும் குற்றவாளிதான் என்று அந்தச் சொல் முத்திரை குத்தாது.

மெரினாவில் கையில் சிலம்போடு நிற்கிறாளே கண்ணகி, அவள் கணவனையும் விசாரிக்கும் முன்பே 'கள்வன்' என்றுதான் முடிவு கட்டினார்கள். அவள் அரசவைக்குப் போய்ச் செய்ததற்குத் தமிழில் பெயர் முறையிடுதல். படத்தில் தம்பிக்காகப் படியேறி வந்தவன் செய்வதும் அதைத்தான். அந்த நேரத்தில் அவன் கேடி அல்ல, முறையிட வந்தவன்.