ஒரு கண் தண்ணீருக்குள் இருக்கட்டும்

"தம்பி, தலையைத் தூக்காதை!" குப்புறக் கிடந்து கைகளை மாறி மாறி வீசி நீந்தும் பிரீஸ்டைல் பழக, கொழும்பு சுகததாச நீச்சல் தடாகத்துக்கு என் மருமகனைக் கூட்டிப்போன முதல் வாரம் முழுக்கப் பயிற்றுநரின் இந்தக் குரல்தான் காதில் விழுந்தது. மூச்சுக்காகத் தலையை நிமிர்த்தும்போதெல்லாம் அவனுடைய இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். உடல் சரிந்து நின்றால் முன்னால் உள்ள தண்ணீரைச் சுவர்போலத் தள்ளத்தானே வேண்டும்?

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் கூடக்கூட அதன் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். தேவைப்படும் வலுவோ வேகத்தின் கனத்தில், அதாவது மும்மடியில், ஏறும். 10 சதவீதம் வேகமாகப் போக, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வலு வேண்டும். அவ்வளவு வலுவைத் தோளில் சேர்க்க வருடக்கணக்காகும். அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள் முதலில் உடலை நேராக்குகிறார்கள்.

சரி, அப்படியானால் மூச்சு எப்படி எடுப்பது? வேகமாக நீந்துபவரின் தலைக்கு முன்னால் தண்ணீர் மேடாக எழும்பும். அதை ஒட்டி, வாயருகே ஒரு சிறு பள்ளம் விழும். பள்ளத்தில் நீர்மட்டம் வழக்கத்தைவிடக் கீழே இருக்கும். தோள் உருளும்போது முகமும் கூடவே திரும்பினால் போதும், பாதி வாய் அந்தப் பள்ளத்துக்குள் காற்றை எடுத்துவிடும். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது: மூச்சுக்கான வழியை நீந்துபவரின் வேகமே திறந்துவிடுகிறது.

உந்துவிசை பெரும்பாலும் கையிலிருந்துதான். நீட்டிய கையைக் கீழ்நோக்கி அழுத்தினால் உடல் எழும்புமே தவிர முன்னே போகாது. முழங்கையை உயரத்தில் வைத்து, முன்னங்கையையும் உள்ளங்கையையும் ஒரே துடுப்பாக்கிப் பின்னால் தள்ள வேண்டும்.

தடையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை 2009 ரோம் உலகப் போட்டி காட்டியது. பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளாலான நீச்சல் உடைகள் உடலை இறுக்கி வழுக்கச் செய்தன, மிதக்கவும் உதவின. 43 உலக சாதனைகள் முறிந்தன. 2010 முதல் அவற்றுக்குத் தடை.

நம் நாட்டு மெத்யூ அபேசிங்க 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் ஏழு தங்கம் வென்றார். அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பிரீஸ்டைல் நீந்தினார். அந்த மட்டத்தில் நொடியின் நூறில் ஒரு பங்குக்காகப் போராட்டம். குதித்த பிறகும் திரும்பிய பிறகும் 15 மீட்டர் வரை நீருக்கடியில் போக அனுமதி உண்டு. அங்கே அலை எழுப்பி வலுவை வீணாக்க வேண்டியதில்லை. டொல்பின்போல உதைத்துப் போவார்கள்.

மூன்றாம் வாரம் மருமகன் கரையேறி, "மாமா, ஒரு கண்ணால தண்ணிக்குள்ள பார்த்தனான்" என்றான்.