சைலன்சர் வாங்கும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள்

துப்பாக்கிக் குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய்தான் சப்ரஸர். அமெரிக்காவில் அதற்கான 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. 1934-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்த நாள் தொட்டு மாறாமல் இருந்த தொகை அது. வரி போனதால் பதிவும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் ஒப்புதல் எல்லாம் முன்பு போலவே இருக்கின்றன. ஒப்புதல் வராமல் அந்தக் குழாய் உங்கள் வீட்டில் இருந்தால் 10 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

கடைக்காரர்கள் சப்ரஸர் என்பார்கள், 'கேன்' என்பார்கள். சட்டத்தில் அதன் பெயர் சைலன்சர். அந்தச் சட்டம் சைலன்சரையே ஒரு துப்பாக்கியாக வரையறுக்கிறது. தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

எச்1பி, எல்1, எஃப்1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. விதிவிலக்குகளில் நடைமுறையில் பயன்படுவது ஒன்று: ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். உரிமம் முடிந்த மறுநாளே விதிவிலக்கும் முடிந்தது. அதைப் புதுப்பிக்க மறந்தால் அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே குற்றப்பொருளாகிவிடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்தலாம். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் கடைக்காரரின் பேச்சை நம்பி முடிவெடுக்காமல் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். அந்தக் கட்டணம் ஒரு கேன் விலையை விடக் குறைவாகவே இருக்கும்.

அடுத்து மாநிலம். கலிஃபோர்னியா, டெலவேர், ஹவாய், இல்லினாய், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, நியூயார்க், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் சாதாரணக் குடிமக்கள் சப்ரஸர் வைத்திருக்க முடியாது. பென்சில்வேனியாவில் சட்டப்படி வாங்கியதை நியூ ஜெர்சி நண்பர் வீட்டுக்கு வண்டியில் கொண்டுபோனால் அங்கே அது குற்றம். வேலை மாறி இப்படிப்பட்ட மாநிலத்துக்குக் குடிபோக நேர்ந்தால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு யோசிக்க முடியாது. இந்தியாவுக்குப் போகும் பெட்டியில் வைப்பது பற்றி நினைக்கவே வேண்டாம். ராணுவத் தளவாடப் பட்டியலில் உள்ள பொருள் அது. ஏற்றுமதி உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

இவை சரியென்றால் வாங்கும் வேலையைத் தொடங்கலாம். சப்ரஸர் விற்கச் சிறப்பு வரி செலுத்திய உரிமம் பெற்ற கடையாக இருக்க வேண்டும். பேச்சுவழக்கில் 'கிளாஸ் 3 டீலர்'. வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வேறு மாநிலக் கடையில் பிடித்திருந்தால் முதலில் அது ஃபார்ம் 3 மூலம் உங்கள் மாநில டீலருக்கு வரும். அங்கிருந்து உங்கள் பெயருக்கு மாற்றுவது ஃபார்ம் 4. இப்போது பெரும்பாலும் ஏடிஎஃப்பின் இணையதளத்திலேயே தாக்கல் செய்கிறார்கள். உங்கள் பெயரில் ஒரு கணக்கு, இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படம், இரண்டு கைரேகை அட்டைகள் அல்லது அதன் மின்கோப்பு வேண்டும். உள்ளூர் காவல் தலைமை அதிகாரிக்குப் போகும் நகல் தகவலுக்கு மட்டுமே. அவர் சம்மதம் தேவை என்ற விதி 2016-இல் நீங்கியது. காத்திருப்பு சில நாளாகவும் இருக்கும், சில மாதமாகவும் இருக்கும். ஒப்புதல் வந்ததும் கடையில் துப்பாக்கி வாங்குபவருக்கான கூட்டாட்சிப் படிவம் 4473-ஐ நிரப்பி, அடையாள அட்டை காட்டி எடுத்துக்கொள்ளலாம். கஞ்சா பற்றிய கேள்வி அதில் உண்டு. உங்கள் மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிப் படிவத்தில் அந்த அனுமதி செல்லாது. பொய்யாகப் பதில் எழுதுவது தனிக் குற்றம்.

நம்மவர்கள் சிக்கிக்கொள்வது பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, ஓட்டுநர் உரிமத்தில் இன்ஷியலாக, கைரேகை அட்டையில் இரண்டும் இடம் மாறி இருக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். இந்த முரண் இருந்தால் கோப்பு நின்றுவிடும். தாக்கல் செய்யும் முன் எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

தனிநபர் பெயரில் வாங்கினால் அது உங்கள் கையில், உங்கள் கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது மனைவியோ கணவரோ பெட்டகத்தின் சாவியுடன் வீட்டில் இருப்பதே சிக்கலாகலாம். டிரஸ்ட் பெயரில் வாங்கினால் அதில் உள்ள பொறுப்பாளர் ஒவ்வொருவரும் சட்டப்படி வைத்திருக்கலாம். பதிலுக்கு ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும். குடும்பமாகச் சுடுபவர்களுக்கு டிரஸ்டே நல்லது என்பது எங்கள் கருத்து. ஆனால் விசாத் தடை உள்ள ஒருவரை அதில் சேர்த்துவிடாதீர்கள்.

எதை வாங்குவது? ஒப்புதலுக்குப் பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவது எளிதல்ல. அதற்கும் மறுபடி ஒரு மாற்றப் படிவம் வேண்டும். அதனால் பணம் கட்டும் முன் உங்கள் குழல் முனையின் மரையைப் பாருங்கள். .22, 9 மி.மீ., 5.56 ஆகிய மூன்று தோட்டா அளவுகளுக்கும் அமெரிக்காவில் வழக்கமான மரை 1/2×28, அதாவது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரைச்சுற்று. .308-க்கு 5/8×24. ஐரோப்பிய 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள் பலவற்றில் இடப்பக்க மரை, 13.5×1. மரை ஒன்றுபோல இருப்பது ஆபத்தும்கூட: .22 கேன் 5.56 குழலில் அழகாகப் பொருந்தும், ஆனால் அந்த அழுத்தத்தை அது தாங்காது. ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் சாயும் வகைக் கைத்துப்பாக்கிக்கு 'பூஸ்டர்' எனும் ஸ்பிரிங் பிஸ்டன் வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாது. புதிய கேனை மாட்டியதும் அலைன்மென்ட் கம்பியைக் குழலுக்குள் விட்டு மையம் பாருங்கள். கோணலாக இருந்தால் தோட்டா கேனுக்குள் வரிசையாக இருக்கும் உள்தடுப்புத் தகடுகளில் மோதும். முதல் சூட்டிலேயே கேன் வீணாகும். சுடும்போது கேன் தளர்ந்தாலும் இதேதான் நடக்கும், அதனால் ஒவ்வொரு மேகசினுக்கும் இடையே இறுக்கிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள்; தோலைச் சுட்டுவிடும்.

முதல் முறை வாங்குபவருக்கு .22 கேன்தான் எங்கள் பரிந்துரை. ஈயமும் கரியும் அதில் சீக்கிரம் அடையும், அதனால் பிரித்துச் சுத்தம் செய்யக்கூடிய மாடலாகப் பாருங்கள். சில நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை பிரியுங்கள். விட்டுவிட்டால் உள்தடுப்புகள் இறுகி வெளியே வராது. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கலந்து ஊறவைக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அதில் உருவாகும் ஈய அசிடேட் கடுமையான நஞ்சு. அலுமினியத் தடுப்புகளையும் அந்தக் கலவை அரித்துவிடும்.

சினிமாவில் கேட்கும் 'புஸ்' சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். சாதாரண ரைபிள் வெடிப்பு 160 டெசிபெலைத் தொடும். நல்ல கேன் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். ஒலியை விட வேகமாகப் போகும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தத்தைக் கேனால் தடுக்க முடியாது. அதற்கு வினாடிக்கு சுமார் 1,050 அடி வேகத்தில் போகும் சப்சானிக் தோட்டா வேண்டும். கேன் மாட்டியிருந்தாலும் காதுக் கவசத்தைக் கழற்றாதீர்கள். பக்கத்து வரிசையில் சுடுபவரிடம் கேன் இருக்காது.

இணையத்தில் சில பத்து டாலருக்கு 'சால்வன்ட் ட்ராப்', 'ஃப்யூயல் ஃபில்டர்' என்று கிடைக்கும் குழாய்களைத் தொடாதீர்கள். சுத்தம் செய்யும் கருவி என்று விளம்பரத்தில் இருந்தாலும், சைலன்சருக்கென்றே உருவான உதிரிப்பாகமும் சட்டத்தின் பார்வையில் சைலன்சர்தான். இப்படி வாங்கியவர்கள் மீது கூட்டாட்சி வழக்குகள் வந்திருக்கின்றன. ஏற்கெனவே வாங்கியிருந்தால் யாரிடமும் கொடுக்காமல், விற்காமல், வக்கீலிடம் பேசுங்கள்.

ஒப்புதல் பெற்ற ஃபார்ம் 4-இன் ஒரு நகல் துப்பாக்கிப் பையிலேயே இருக்கட்டும். மூலக் கோப்பை வேறு இரண்டு இடங்களில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். உரிமையாளர் இறந்தால் சட்டப்படியான வாரிசு ஃபார்ம் 5 மூலம் வரியின்றித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் காகிதம் கிடைக்காவிட்டால் துக்க வீட்டில் இருப்பவர்கள் அலமாரியில் கிடக்கும் ஓர் உலோகக் குழாய் என்னவென்றே தெரியாமல் நிற்பார்கள்.